அவுட்டர் பேங்க்ஸ் லைட்ஹவுஸ் ட்ரிப்: வியாழக்கிழமை போனா தான் காசு வசூல்

நார்த் கரோலினால இருக்கற நம்மாளுங்களுக்கு, கடலோரமா நீளமா கிடக்கற மணல் தீவு வரிசையான அவுட்டர் பேங்க்ஸ்னாலே நாலு குடும்பம் சேர்ந்து பீச் ஹவுஸ் எடுத்து, பெரிய குண்டால பிரியாணி போட்டு, ராத்திரி முழுக்க சீட்டு ஆடிட்டு திரும்பி வர்றது தான். லைட்ஹவுஸ் பக்கம் போனாலும் கீழ நின்னு ஒரு குரூப் ஃபோட்டோ, கிளம்பிடுவாங்க. நாங்க இந்த தடவை பீச் ஹவுஸ் எல்லாம் வேணாம், லைட்ஹவுஸும் பழைய காலத்து கடல் ரெஸ்க்யூ ஸ்டேஷனும் மட்டும் பார்க்கறதுன்னு முடிவு பண்ணி ஒரே நாள்ல போய்ட்டு வந்தோம். நான், வொய்ஃப், பாப்பா, ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா, கூட மச்சான். யாராச்சும் பிளான் பண்றீங்கன்னா உதவும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். லைட்ஹவுஸ் ரெண்டும் நல்லா தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு எங்க எல்லாருக்கும் மனசுல நின்னது ரோடான்தில இருக்கற சிக்கமகாமிக்கோ லைஃப் சேவிங் ஸ்டேஷன் தான் (அம்மா கடைசி வரைக்கும் அதை சிக்கமகளூர்னே சொல்லிட்டு இருந்தாங்க). நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் அதை ரோட்டுல இருந்து பார்த்துட்டு ஏதோ பழைய வீடுன்னு தாண்டிப் போயிடறாங்க. அது பெரிய நஷ்டம்.

எங்க ஊர் கேரில இருந்து விடிகாலைல கிளம்பினோம், யூஎஸ் 64 பிடிச்சு நேரா போனா மூணே கால், மூணரை மணி நேரம். சனிக்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க, சம்மர்ல அன்னிக்கு தான் வாடகை வீடு எல்லாம் காலி பண்ணி அடுத்த பார்ட்டி உள்ள வர்ற நாள், பாலத்துலயே பாதி நாள் போயிடும். அதுவும் இல்லாம நீங்க வியாழக்கிழமை தான் போகணும், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல பாடி ஐலண்ட் லைட்ஹவுஸ். கருப்பு வெள்ளை பட்டை பட்டையா படுக்கை வாக்குல பெயின்ட் அடிச்சிருக்கும், 1872ல கட்டி முடிச்சது. இந்தப் பேர்ல இது மூணாவது லைட்ஹவுஸ்: முதல்ல 1847ல கட்டினது அஸ்திவாரம் சரியில்லாம சாஞ்சு போச்சு, ரெண்டாவதை அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச 1861ல, பிரிஞ்சு போன தெற்கத்தி மாநிலங்களோட ராணுவமே வெடி வெச்சு தகர்த்துட்டுப் போயிடுச்சு, எதிரி கப்பலுக்கு வெளிச்சம் கிடைக்கக் கூடாதாம். இப்ப இருக்கறதுல 214 படி. டிக்கெட் பெரியவங்களுக்கு 10 டாலர், சின்னப் பசங்களுக்கும் சீனியருக்கும் பாதி. நாங்க போனப்ப அன்னன்னைக்கு டிக்கெட் அன்னிக்கு காலைல 7 மணிக்கு தான் ஆன்லைன்ல ஓபன் ஆச்சு, அதனால மச்சான் வண்டி ஓட்ட நான் பக்கத்துல உட்கார்ந்து ஃபோனை வெச்சுக்கிட்டு சிக்னல் வருமா வராதான்னு ஐஆர்சிடிசி தட்கல் போடற டென்ஷன்ல தான் புக் பண்ணேன். 42 இன்ச் உயரத்துக்கு கம்மியா இருக்கற குழந்தையை மேல விட மாட்டாங்க, தூக்கிட்டும் போக முடியாது, அளந்து பார்த்து கூட்டிட்டுப் போங்க, அங்க போய் அழ விட்டுடாதீங்க.

படி முழுக்க வார்ப்பிரும்புல ஜன்னல் ஜன்னலா ஓட்டை விட்ட மாதிரி இருக்கும், காலுக்கு கீழ பார்த்தா தரை வரைக்கும் தெரியும். வொய்ஃப் பாதி தூரத்துல கைப்பிடியை பிடிச்சிட்டு நின்னுட்டா, "நீங்க போங்க, நான் மூச்சு வாங்கிட்டு வரேன்"னு கௌரவமா சொன்னா, ஆனா வந்துட்டா. மேல போனதும் ஒரு பக்கம் அட்லாண்டிக், இன்னொரு பக்கம் சவுண்ட்னு சொல்ற உப்பங்கழி, நடுவுல நூல் மாதிரி மணல் திட்டு. அந்த திட்டு எவ்ளோ ஒல்லின்னு காருக்குள்ள இருக்கும்போது தெரியறதே இல்ல.

இங்க விசேஷம் என்னன்னா, மேல இருக்கற ஃபர்ஸ்ட் ஆர்டர் (அதாவது பெரிய சைஸ்) ஃப்ரெனல் லென்ஸ், பிரான்ஸ்ல செஞ்சு கொண்டு வந்தது, இன்னமும் அதே லென்ஸ் தான் ராத்திரி எரியுது. லென்ஸ் இருக்கற ரூமுக்குள்ள விட மாட்டாங்க, கீழ இருந்து எட்டிப் பார்க்கறது தான். ஒரு ஆள் உயரத்துக்கும் மேல கண்ணாடிப் பட்டகத்தை அடுக்கி அடுக்கி வெச்சிருக்கான், ஒரு சின்ன எண்ணெய் விளக்கு வெளிச்சத்தை சிதற விடாம மொத்தமா கடல் பக்கம் திருப்பி விட. விளக்கு ஏத்தி கொஞ்ச நாள்லயே ஒரு கூட்டம் காட்டு வாத்து வெளிச்சத்தைப் பார்த்து வந்து மோதி லென்ஸை சேதம் பண்ணிடுச்சாம், அப்புறம் தான் கம்பி வலை போட்டாங்க. ரேஞ்சர் இதை சொன்னதுல இருந்து பாப்பாவுக்கு மத்த எதுவும் காதுல ஏறல, வாத்துக்கு என்ன ஆச்சுன்னு ஊர் வர்ற வரைக்கும் கேட்டுட்டு வந்தா.

அம்மாவுக்கு முட்டி வலி, ஏறல. கீழ விளக்கைப் பார்த்துக்கிட்ட கீப்பருங்க குடும்பத்தோட இருந்த வீடு இருக்கு, அங்க நிழல் இருக்கும், உட்கார இடம் இருக்கும், பெரியவங்களை கூட்டிட்டுப் போறவங்க பயப்பட வேணாம். கொசு மட்டும் சொல்லி மாளாது. சுத்தி சதுப்பு நிலம், காத்து நின்னா போதும், மொச்சுடும். ஸ்ப்ரே கார்ல இருக்கு, கார் பார்க்கிங்ல இருக்குன்னு ஆயிடக் கூடாது, கைலயே வெச்சுக்கோங்க.

அங்கிருந்து தெக்க ஹைவே 12ல போனா ஆரிகன் இன்லெட் மேல 2019ல திறந்த பெரிய பாலம். இறங்கினதும் பீ ஐலண்ட், இப்ப பறவைகள் சரணாலயம், பார்க்க வெறும் புதரும் மணலும் தான். ஆனா இந்த இடத்தோட கதை தெரியாம தாண்டினா பாவம். அடிமையா பிறந்து, உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட ரிச்சர்ட் எதெரிட்ஜ் 1880ல இங்க ரெஸ்க்யூ ஸ்டேஷனுக்கு கீப்பர், அதாவது தலைவர் ஆனார். கருப்பருக்கு கீழ வேலை செய்ய மாட்டோம்னு இருந்த வெள்ளைக்காரங்க போயிட்டாங்க, முழுக்க கருப்பர்களே இருந்த டீம் அமைஞ்சது, நாட்டுலயே அப்படி ஒரே ஸ்டேஷன் அது தான். 1896 அக்டோபர் 11 ராத்திரி இ.எஸ். நியூமன்னு ஒரு பாய்மரக் கப்பல் புயல்ல மாட்டி தரை தட்டிடுச்சு. கரை முழுக்க அலை ஏறி தண்ணி ஓடுது, கயிறு கட்டற சாமான் எதையும் மணல்ல ஊன முடியல. எதெரிட்ஜ் என்ன பண்ணாருன்னா ரெண்டு ரெண்டு ஆளா ஒரு கயித்துல கட்டி நீந்த விட்டுட்டார். போறதும் ஒவ்வொருத்தரா கொண்டு வர்றதும், திரும்ப வேற ரெண்டு பேர் போறதும்னு ராத்திரியெல்லாம் இதே வேலை. கேப்டனோட மனைவி, சின்னக் குழந்தை உட்பட 9 பேரும் பிழைச்சாங்க. இதுக்கு தங்க மெடல் எப்ப கொடுத்தாங்க தெரியுமா, 1996ல. சரியா நூறு வருஷம் கழிச்சு, யாருமே உயிரோட இல்லாதப்ப. மச்சான் கார்லயே ஒரு கெட்ட வார்த்தை விட்டான், பின்னாடி அம்மா இருந்ததை மறந்துட்டு.

அந்த ஸ்டேஷன் இப்ப அங்க இல்ல. அதோட சமையல் கட்டு மட்டும் மேன்டியோ ஊர்ல காலின்ஸ் பார்க்ல சின்ன மியூசியமா இருக்கு. நாங்க போன நேரம் திறக்கல, வெளிய இருந்து தான் பார்த்தோம். இவ்ளோ பெரிய கதைக்கு இவ்ளோ சின்ன இடமான்னு எனக்கு கொஞ்சம் வருத்தம் தான். மேன்டியோ வழியா தான் போவீங்க, பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

அடுத்தது கேப் ஹேட்டரஸ். எல்லா டீ ஷர்ட்லயும் மக்லயும் இருக்கற அந்த சுருள் பட்டை லைட்ஹவுஸ் இது தான். 1870ல கட்டினது, கிட்டத்தட்ட 200 அடி, செங்கல்ல கட்டின லைட்ஹவுஸ்ல அமெரிக்காவுலயே இது தான் உசரம். நாங்க போனப்ப ரிப்பேர் வேலைக்காக சாரம் கட்டி மூடியிருந்தாங்க, ஏற விடல. இதை தெரிஞ்சே தான் போனோம், இருந்தாலும் பார்க்கறப்ப கொஞ்சம் சப்புனு தான் இருந்துச்சு. வேலை முடிஞ்சு திறந்துட்டாங்களான்னு பார்க் சர்வீஸ் சைட்ல பார்த்துட்டு கிளம்புங்க. திறக்கலன்னா இதுக்காக அது இருக்கற பக்ஸ்டன் வரைக்கும் ஒரு மணி நேரம் ஓட்டறது தேவையான்னு கேட்டா, லைட்ஹவுஸ் பைத்தியமா இருந்தா போங்க, இல்லன்னா அந்த நேரத்தை ரோடான்தில போடுங்க.

ஒரு விஷயம் மட்டும் அங்க நேர்ல நின்னா தான் புரியும். கட்டினப்ப கடல்ல இருந்து 1500 அடி தள்ளி இருந்திருக்கு, கடல் அரிச்சு அரிச்சு 1999ல வெறும் 120 அடி தூரத்துக்கு வந்துடுச்சு. கல்லைக் கொட்டி தடுக்கலாம்னெல்லாம் பல யோசனை ஓடி, கடைசில இந்த மொத்த கட்டடத்தையும் அப்படியே தூக்கி 2900 அடி தள்ளி வெச்சுட்டாங்க. அடியில ஸ்டீல் பீம் கொடுத்து ஹைட்ராலிக் ஜாக்ல தூக்கி, தண்டவாளம் மாதிரி போட்ட பாதைல கொஞ்சம் கொஞ்சமா தள்ளினாங்க, வழுக்கறதுக்கு சோப்பு தடவியிருக்காங்க, சோப்பு! 23 நாள்ல போய் சேர்ந்துடுச்சு. பழைய இடத்துல இருந்து புது இடம் வரைக்கும் மச்சான் நடந்தே காட்டினான், வெயில்ல நாங்க யாரும் கூட போகல.

மத்தியானம் சாப்பாடு. நாங்க சைவம், நான் பாதி சைவம், அது வேற கதை. ஹேட்டரஸ் பக்கம் கடல் உணவு கடைங்க நிறைய, ஆனா ஒரு கடைல வெஜ் என்ன இருக்குன்னு கேட்டா ஃப்ரைஸும் கோல்ஸ்லாவும் மட்டும் வந்துச்சு, அதுவும் ரொம்ப நேரம் உட்கார வெச்சு. அம்மா சத்தமே போடாம பைல இருந்து புளியோதரை டப்பாவை எடுத்து மேஜைக்கு கீழ மடில வெச்சுக்கிட்டாங்க. கட்டிட்டுப் போயிடுங்க, பீச் ஆக்ஸஸ் பார்க்கிங்ல நிறுத்தி சாப்பிடறது தான் நிம்மதி.

இப்ப சிக்கமகாமிக்கோ. ரெண்டு ஸ்டேஷன் கட்டடம் இருக்கு, 1874ல கட்டின பழசு ஒண்ணு, 1911ல கட்டின பெருசு ஒண்ணு, கூட சமையல் கட்டு, குதிரை லாயம், தண்ணித் தொட்டின்னு மொத்த செட்டும் அப்படியே இருக்கு. நாங்க போனப்ப சனி ஞாயிறு மூடல், வார நாள்ல தான் திறந்திருந்தது, சீசன் தாண்டினா அதுவும் கிடையாது, டிக்கெட் ஆளுக்கு பத்து டாலர் பக்கம். சம்மர்ல வியாழக்கிழமை மத்தியானம் பீச் அப்பரட்டஸ் டிரில்னு ஒண்ணு செஞ்சு காட்டறாங்க. அதுக்காக தான் வியாழக்கிழமைன்னு அடிச்சு சொல்றேன். அந்தக் காலத்துலயும் இவங்களுக்கு வியாழக்கிழமை இந்த டிரில் உண்டாம், செவ்வாய் போட், புதன் கொடி சிக்னல், வெள்ளி மூழ்கினவங்களுக்கு மூச்சு வரவைக்கறதுன்னு வாரம் முழுக்க டைம்டேபிள் போட்டு ஓடியிருக்காங்க.

டிரில் எப்படின்னா, கரைல ஒரு கம்பம் நட்டிருக்கும், அது தான் மூழ்கற கப்பலோட பாய்மரம்னு வெச்சுக்கணும். கோஸ்ட் கார்ட் பசங்க ஒரு வண்டியை இழுத்துட்டு ஓடி வருவாங்க, அதுல லைல் கன்னு ஒரு குட்டி பீரங்கி. குண்டோட வாலுல மெல்லிசு கயிறு கட்டி சுடறது, கயிறு போய் கப்பல் மேல விழணும். குண்டே சுமார் 8 கிலோ, 500 கெஜத்துக்கு மேல கூட போகுமாம். இங்க நான் அசந்து போனது பீரங்கியைப் பார்த்து இல்ல, கயிறு வெச்சிருக்கற பெட்டியைப் பார்த்து. அவ்ளோ வேகத்துல போற கயிறு ஒரு இடத்துல சிக்கினாலும் அறுந்துடும், அதனால பெட்டில வரிசையா மரக் குச்சி நட்டு, சிக்கு கோலத்துல புள்ளியை சுத்தி இழை ஓடற மாதிரி குச்சியை சுத்தி சுத்தி கயிறை அடுக்கியிருக்காங்க. சுடறதுக்கு முன்னாடி பெட்டியைக் கவுத்து குச்சியை உருவிடுவாங்க, கயிறு மட்டும் வளைவு வளைவா அப்படியே நிக்கும். ஒவ்வொரு தடவை சுட்டதும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து இதை முதல்ல இருந்து அடுக்கணும். அம்மா குனிஞ்சு நின்னு பார்த்துட்டு, "இதை அடுக்கினவன் கை லேசுப்பட்ட கை இல்லடா"ன்னாங்க.

அப்புறம் டமால்னு ஒரு சத்தம், சொல்லி வெச்சும் எல்லாரும் துள்ளிட்டோம், பாப்பா என் காலை கட்டிக்கிட்டா. கயிறு போய் கம்பத்துல விழுந்தது. கப்பல்ல இருக்கறவன் அதை இழுத்தா பின்னாடியே கப்பி வரும், அதோட ஒரு பலகை வரும், அதுல கயிறை எங்க எப்படி கட்டணும்னு இங்கிலீஷ்லயும் ஃப்ரெஞ்சுலயும் எழுதியிருக்கும், எந்த ஊர் கப்பலா இருந்தாலும் புரியணுமே. அப்புறம் பெரிய வடம், அதுல தொங்கிட்டு போறது ப்ரீச்சஸ் பாய், அதாவது தண்ணில மிதக்கற வளையத்துல ஒரு கித்தான் டிராயரைத் தெச்சு வெச்சது. அதுக்குள்ள காலை விட்டு உட்கார்ந்தா கரைல இருக்கறவங்க இழுத்துடுவாங்க. இந்த மொத்த வேலையும் டிரில்ல அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடியணும்னு ரூல். ஒருத்தரை கம்பத்துல ஏத்தி நிஜமாவே இழுத்துட்டு வந்தாங்க, கூட்டம் மொத்தம் கை தட்டுச்சு. பகல்ல, வெயில்ல, காஞ்ச தரைல பண்றதுக்கே பசங்களுக்கு வேர்த்து ஊத்துச்சு, ராத்திரி புயல்ல ஈர மணல்ல இந்த வண்டியை மைல் கணக்குல இழுத்துட்டுப் போனா எப்படி இருந்திருக்கும்.

உள்ள மியூசியத்தை அவசரமா பார்க்காதீங்க. சின்ன பித்தளை வில்லை ஒண்ணு வெச்சிருக்காங்க, அதைத் தேடிப் பாருங்க. ராத்திரி ரோந்து போற ஆள் கரையோரமா நடந்து பாதி வழில பக்கத்து ஸ்டேஷன் ஆளை சந்திச்சு வில்லையை மாத்திக்கணும், அப்ப தான் தூங்காம முழு தூரமும் நடந்தான்னு கீப்பர் நம்புவார். கரைக்கு ரொம்ப கிட்ட வர்ற கப்பலைப் பார்த்தா சிவப்பு மத்தாப்பு கொளுத்தி விலகிப் போன்னு காட்டணும். 1899 ஆகஸ்ட் புயல்ல பக்கத்து கல் ஷோல் ஸ்டேஷன்ல இருந்து இப்படி ரோந்து வந்த ரஸ்மஸ் மிட்ஜெட், பிரிசில்லான்னு கப்பல் உடைஞ்சு கிடக்கறதைப் பார்த்திருக்கார், ஸ்டேஷனுக்கு ஓடிப் போய் ஆள் கூட்டிட்டு வர நேரமில்ல, தனி ஆளா தண்ணிக்குள்ள ஓடி ஓடி 10 பேரை வெளிய கொண்டு வந்துட்டார்.

பழைய கட்டடத்துல 1046ன்னு நம்பர் போட்ட மர போட் நிக்குது. 1918 ஆகஸ்ட் 16, முதல் உலகப் போர் சமயம், மிர்லோன்னு பிரிட்டிஷ் டேங்கர் இந்தக் கரைக்கு எதிர்ல வெடிச்சிடுச்சு, ஜெர்மன் சப்மரீன் போட்ட கண்ணி வெடி. டேங்கர் முழுக்க பெட்ரோல், அதனால கடல் மேலயே தீ. கீப்பர் ஜான் ஆலன் மிட்ஜெட் தன் ஆளுங்களோட இந்த போட்ல தீக்கு நடுவுல போய் 42 பேரைக் கரை சேர்த்தார். சூட்டுல போட்டோட பெயின்ட் கொப்புளிச்சு போச்சாம். போட் பக்கத்துல நின்னு பார்த்தா, இவ்ளோ தானா இருந்துச்சுன்னு தான் தோணும், நம்ம மினி வேனை விட நீளம், அவ்ளோ தான்.

குறைன்னு பார்த்தா, எழுத்து பலகை எல்லாம் நிறைய, குட்டிப் பசங்களுக்கு அது போர். இன்னொண்ணு, 1877 நவம்பர்ல ஹியூரான்னு கடற்படை கப்பல் நாக்ஸ் ஹெட் பக்கம் மூழ்கி 98 பேர் செத்தாங்க, அப்ப ஸ்டேஷன் எல்லாம் பூட்டி இருந்துச்சு, ஏன்னா டிசம்பர்ல தான் சீசன் ஆரம்பம்னு கணக்கு. ரெண்டே மாசத்துல மெட்ரோபோலிஸ்னு இன்னொரு கப்பல், 85 பேர். அதுக்கப்புறம் தான் அரசாங்கம் முழிச்சுக்கிட்டு காசும் ஆளும் கொடுத்துச்சு. இந்தக் கதையை இன்னும் பெருசா முன்னாடி வெச்சிருக்கலாம், வீரக் கதையா மட்டும் பார்த்துட்டு வெளிய வந்துடறோம்.

திரும்பி வர்ற வழில கிட்டி ஹாக்ல பிளாக் பெலிகன்னு ரெஸ்டாரன்ட், அந்தக் கட்டடமே பழைய கிட்டி ஹாக் லைஃப் சேவிங் ஸ்டேஷன். விறகு அடுப்பு பீட்சா கிடைக்கும், அம்மாவே ரெண்டு துண்டு சாப்பிட்டாங்க. பக்கத்துல ரைட் பிரதர்ஸ் மெமோரியலுக்கு நேரம் இல்ல, ஆனா 1903 டிசம்பர் 17ல அந்த முதல் விமானம் கிளம்பற ஃபோட்டோவை எடுத்தது ஜான் டேனியல்ஸ்னு பக்கத்து கில் டெவில் ஹில்ஸ் ஸ்டேஷன்ல வேலை பார்த்த ரெஸ்க்யூ ஆள் தான், அதை வொய்ஃப் சொல்லி தான் எனக்கே தெரியும்.

கொரோலால இருக்கற சிவப்பு செங்கல் கரிடக் லைட்ஹவுஸையும் இதே நாள்ல சேர்க்கலாமான்னு மச்சான் கேட்டான். முடியாது, அது வடக்கு ஓரம், பக்ஸ்டன்ல இருந்து 90 மைல் பக்கம் வரும், ஒத்தை ரோட்டு டிராஃபிக் வேற. 1823ல கட்டின ஓக்ரகோக் லைட்ஹவுஸுக்கு ஹேட்டரஸ்ல இருந்து ஃப்ரீ ஃபெர்ரி இருக்கு, போகவே ஒரு மணி நேரம், லைன்ல நிக்கறது தனி. அது ரெண்டும் வேணும்னா நாக்ஸ் ஹெட்ல ஒரு ராத்திரி ரூம் போட்டுடுங்க. காத்து மழை அறிவிப்பு இருந்தா ஹைவே 12ல கடல் தண்ணியும் மணலும் ஏறி ரோட்டை மூடிடுவாங்க, காலைல கிளம்பறதுக்கு முன்னாடி ரோடு ஸ்டேட்டஸ் பார்த்துக்கோங்க, பெட்ரோலை மேன்டியோலயே ரொப்பிடுங்க.